நெஞ்சுக்குக் கீழே யாரும் சாகாத வீடு

பள்ளிக்கரணை,
14-6-2024

அன்பு மகள் வினிதாவுக்குச் சித்தப்பா எழுதுவது. இங்கே நான், உன் சித்தி ஹேமாவதி, தங்கை ஜெயஸ்ரீ, எட்டு போர்ஷன் குடித்தனக்காரர்கள், வாசலை அடைத்துக்கொண்டு நிற்கும் அவர்களுடைய பைக்குகள் எல்லாம் சௌக்கியம். ஜாம்ஷெட்பூரில் உன் சௌக்கியத்துக்கும், உன் வயிற்றின் சௌக்கியத்துக்கும் தனித்தனியே பதில் போடவும்.

முதலில் ஒரு சத்தியம். இப்போது நான் சொல்லப்போகும் கதையை ஒருவரும் நம்பமாட்டார்கள். தாம்பரம் மார்க்கெட் நடுவில் நின்று கற்பூரம் அடித்தாலும் நம்பமாட்டார்கள். நீயும் நம்பாதே. நம்பிவிட்டால் இத்தனை வருஷம் புளுகிச் சேர்த்த என் கௌரவம் என்ன ஆவது?

ஞாயிற்றுக்கிழமை போனில் கேட்டாய்: "சித்தப்பா, வயித்து எரிச்சலுக்குப் போனா டாக்டர் குடும்பத்தைப் பத்தி விசாரிக்கிறார். எங்கப்பா எதனால செத்தார்?" நான் "நெஞ்சுவலிம்மா" என்று வைத்துவிட்டேன். உன் சித்தி போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுத்தான் வெங்காயம் நறுக்குவாள். குடும்பக் குரூப்பில் எழுதலாம் என்றால், அடித்து முடிப்பதற்குள் சேதி சிங்கப்பெருமாள் கோவிலில் இறங்கிவிடும். ஜெயஸ்ரீக்கு வரன் அங்கேதான் பார்த்திருக்கிறோம். ஆகையால் இனிமேல் தபால்.

விஷயம் இதுதான். நமக்கு எட்டு போர்ஷன். எட்டிலும் ஆள் உண்டு. ஆனால் ஒன்பதாவதாக ஒரு குடித்தனக்காரர் இருக்கிறார். இந்த இடமெல்லாம் நெல் வயலாக இருந்த காலத்திலிருந்தே இருக்கிறார். அட்வான்ஸ் கிடையாது, அக்ரிமெண்ட் கிடையாது. அவர் வீட்டில் குடியிருப்பதில்லை. வீட்டு ஆட்களுக்குள் குடியிருக்கிறார், ஒரு சமயத்தில் ஒருவருக்குள்.

உன் தாத்தா கல்யாண வீட்டில் ஒரு பந்தியை முடித்துவிட்டு, அடுத்த பந்தியில் புது விருந்தாளியாக உட்காருகிறவர். அப்பேர்ப்பட்டவர் ஒரு நாள் ஆட்டுக்கால் பாயாவுக்கு முன்னால் நாலு வாய் சாப்பிட்டுத் தட்டைத் தள்ளினார். "போதும்மா, ரொம்பிப் போச்சு" என்றார். பல வருஷம் கழித்து, கோவளத்தில் வாழ்க்கைப்பட்ட உன் அத்தை தாயாரம்மாளும் அதையே சொன்னாள். தாத்தா சொன்னபோது அவள் இந்த ஊரிலேயே இல்லை. பிறகு என் அண்ணன், உன் அப்பா தயாளன். வார்த்தை ஒன்று. குரலும் ஒன்று. உள்ளே யாரோ சொல்லிக்கொடுத்து இவர்கள் வாயால் ஒப்பித்த மாதிரி.

மூவரும் நெஞ்சுவலியில் போனதாக ஊருக்குச் சொன்னோம். வயிறு என்று சொன்னால் நம் வீட்டில் பெண் எடுக்க யார் வருவார்? நம் வீட்டில் நெஞ்சுக்குக் கீழே யாரும் செத்ததில்லை, மகளே.

புளுகு எது, நிஜம் எது என்று உன் டாக்டர் புடைத்துக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
சதுப்பு நிலச் சக்கரவர்த்தி, எட்டு போர்ஷன் கொண்ட மகாராஜா,
அரிகிருஷ்ணன்


ஜாம்ஷெட்பூர்,
25-6-2024

அன்புள்ள சித்தப்பாவுக்கு வணக்கம். நான் நலம், எரிச்சலைத் தவிர. உங்கள் மூவரின் நலமும் தெரிந்து மகிழ்ச்சி.

கதையை நம்பவில்லை. ஆனால் படித்த அன்று சாப்பிடவும் இல்லை.

அப்பாவுக்கு ஹார்ட் என்று நான் சொன்னதால் முதல் டாக்டர் எனக்கு ஈ.சி.ஜி. எடுத்தார், டிரெட்மில்லில் ஓடவிட்டார். என் இதயம் குதிரை மாதிரி இருக்கிறதாம். வயிற்றை யாரும் பார்க்கவில்லை. அம்மாவிடம் மறுபடி கேட்டேன். "நெஞ்சுவலிதான்டி" என்றாள். சொல்லும்போதெல்லாம் ஏற்கெனவே துடைத்த அடுப்பையே துடைக்கிறாள்.

இப்போது பார்க்கும் டாக்டர் வேறு மாதிரி கேட்கிறார். இரைப்பைப் புற்று சில குடும்பங்களில் ரத்தத்தோடு வருமாம். ஆனால் ரத்தம் மட்டும் முழுக் காரணம் ஆகாதாம். உப்பில் ஊறியது, புகையிலை, தண்ணீரிலும் எச்சிலிலும் வந்து வயிற்றில் தங்கிவிடும் ஒரு கிருமி, இவையும் சேர்ந்துகொள்ளுமாம். தாத்தா புகையிலை போடுவாரா? அத்தை வீட்டுக் கருவாடு நம் வீட்டுக்கு எவ்வளவு வரும்?

ஒன்று ஞாபகம் வந்தது. எனக்குப் பன்னிரண்டு வயது இருக்கும். தாம்பரத்தில் ஒரு ஓட்டலில் அப்பா ஒரே ஒரு இட்லி வாங்கிப் பாதியில் நிறுத்தினார். அந்த வார்த்தையைத்தான் சொன்னார். நான் மீதியை எடுத்துச் சாப்பிட்டேன்.

வயிறுதானா, சித்தப்பா? ஒரே வார்த்தையில் பதில் எழுதுங்கள்.

உங்கள் மகள்,
வினிதா


பள்ளிக்கரணை,
9-7-2024

அன்பு மகளுக்கு ஆசீர்வாதம். யாவரும் க்ஷேமம். உன் சித்தி மட்டும் என்னைவிட அதிக க்ஷேமம். நான் தட்டில் விடுவதையும் அவளே சாப்பிட வேண்டியிருக்கிறது.

ஒரே வார்த்தையில் பதில் சொல்லும் வழக்கம் நம் வம்சத்தில் கிடையாது. கருவாடா? அத்தை வீட்டிலிருந்து மூட்டையாக வரும். அந்தக் கருவாட்டில் இருந்த உப்பை எடுத்துத் திரும்பக் கடலில் கொட்டியிருந்தால் கோவளத்தில் அலை ஓர் ஆள் உயரம் ஏறியிருக்கும். தாத்தாவின் புகையிலைக்கு ஒரு தனி மாட்டுவண்டி. கிணற்றுத் தண்ணீர், பிறகு போர் தண்ணீர், அப்புறம் அந்தப் பக்கம் குப்பை மேடு பற்றி எரிகிற நாட்களில் கதவைச் சாத்தினாலும் உள்ளே வந்து உட்காரும் புகை. வருகிறவருக்கு இத்தனை சௌகரியம் செய்து வைத்தால் காலி பண்ணிக்கொண்டு போவாரா?

அவருடைய குணத்தைச் சொல்கிறேன் கேள். முதலில் கருவாட்டு வாசனை பிடிக்காது போகும். அடுத்து சோறு. மோர் மட்டும் கொஞ்ச நாள் அனுமதி. நாம் இடப்பக்கம் திரும்பிப் படுத்தால் அவரும் திரும்புவார். உடனே அல்ல, யோசித்துவிட்டு. நெஞ்செலும்பு முடிகிற குழியில் உள்ளிருந்து ஒரு விரல் தொட்டுப் பார்க்கும். கதவு இருக்கிறதா என்று தடவுவது போல. எல்லாவற்றிலும் விசித்திரம், நாம் மென்று விழுங்கிய பிறகு, அடங்கின வீட்டில் வேறு யாரோ மெல்லுவது கேட்கும். அவசரமே இல்லாமல் மெல்லுவார்.

பயந்துவிட்டாயா? அதற்குத்தான் எழுதினேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
புளுகர் குல திலகம்,
அரிகிருஷ்ணன்


ஜாம்ஷெட்பூர்,
18-7-2024

சித்தப்பாவுக்கு வணக்கம். நலம் விசாரிப்பைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன்.

தாத்தா இறந்தபோது நீங்கள் மூன்றாம் வகுப்பு. அத்தை கோவளத்தில் இறந்தாள். என் அப்பா எதையும் யாரிடமும் சொல்கிறவர் இல்லை.

இடப்பக்கம் படுத்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?

நலமா, சித்தப்பா?

வினிதா


ஜாம்ஷெட்பூர்,
20-8-2024

சித்தப்பாவுக்கு,
ஒரு மாதமாகப் பதில் இல்லை. போனில் சித்தி "அவருக்கு இன்னா, ஜம்முனு கீறாரு" என்கிறாள். பின்னால் உங்கள் சிரிப்பு கேட்கிறது. கொஞ்சம் தாமதமாகக் கேட்கிறது.

எழுதுங்கள்.

வினிதா


பள்ளிக்கரணை,
2-9-2024

அன்புள்ள வினிதா அக்காவுக்கு ஜெயஸ்ரீ எழுதுவது. நலம், நலமறிய ஆவல். நான் கடிதமே எழுதினதில்லை, தப்பு இருந்தால் சிரிக்காதே. அப்பா அலமாரியில் உன் கடிதத்தின் கவர் மட்டும் இருந்தது. உள்ளே ஒன்றும் இல்லை. அந்த விலாசத்துக்கு எழுதுகிறேன்.

அப்பா சாப்பிடுவதில்லை அக்கா. பேன்ட் இடுப்பில் நிற்கவில்லை. கேட்டால், "உன் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை மாதிரி இளைக்கிறேன்டி" என்கிறார். நம்ம குடும்பத்தில் எல்லாருக்கும் ஹார்ட் ஆச்சே என்று பயந்து, நானும் அம்மாவும் அவரைக் கட்டாயப்படுத்தி ஹார்ட் டாக்டரிடம் கூட்டிப்போனோம். எக்கோ, ஈ.சி.ஜி. எல்லாம் கிளியர். டாக்டர், "இருபது வயசுப் பையன் ஹார்ட்டு சார்" என்றார். சந்தோஷத்தில் அம்மா கேம்ப் ரோட்டில் அரை கிலோ மைசூர்பாகு வாங்கினாள்.

அப்பா ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு எங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தார். முழுங்கவே இல்லை.

ஐப்பசியில் எனக்கு நிச்சயதார்த்தம். நீ கட்டாயம் வரணும். மாப்பிள்ளை ஷ்யாம்சுந்தர் உன்னை விசாரித்தார்.

தங்கை,
ஜெயஸ்ரீ


ஜாம்ஷெட்பூர்,
12-9-2024

சித்தப்பாவுக்கு வணக்கம். உங்களுக்கு நலம் இல்லை என்று தெரிந்துகொண்டே எழுதுகிறேன்.

என் மஞ்சள் நீராட்டு விழா வீடியோவை அம்மாவிடமிருந்து வாங்கிப் பார்த்தேன். பந்தியில் அப்பா ஒரு கோடியில், அத்தை இன்னொரு கோடியில். ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. இருவரும் இடது கையால் நெஞ்செலும்புக்குக் கீழே ஒரே இடத்தை அழுத்திக்கொண்டிருக்கிறார்கள். இருவர் இலையிலும் சோறு இருக்கிறது. கேமரா நகர்ந்தபோது இருவரும் ஒரே நேரத்தில் தலையைத் தூக்கிக் கேமராவைப் பார்த்தார்கள். அதை நிறுத்திவிட்டு, சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து பெண் பார்க்க வந்த அன்று ஜெயஸ்ரீ எடுத்த வீடியோவைப் போட்டேன். நீங்கள் சிரித்துக்கொண்டு சோபாவில் இருக்கிறீர்கள். உங்கள் இடது கை அங்கேதான் இருக்கிறது.

எனக்கு உங்கள் குடித்தனக்காரர் மேல் நம்பிக்கை இல்லை. அந்தக் கையின் மேல் இருக்கிறது.

இந்த மாதக் கடைசிக்குள் உள்ளே குழாய் விட்டு வயிற்றைப் பாருங்கள். இல்லாவிட்டால், தாத்தா, அத்தை, அப்பா மூவரும் எதனால் போனார்கள் என்று குடும்பக் குரூப்பில் நானே போட்டுவிடுவேன்.

உங்கள் மகள்,
வினிதா


பள்ளிக்கரணை,
21-9-2024

என் குலத்துக்கு எமனாக வந்த மகளுக்கு, க்ஷேமம் விரும்பும் சித்தப்பா எழுதுவது.

நிச்சயதார்த்தம் முடியட்டும். குடித்தனக்காரரிடம் பேசிவிட்டேன். மனுஷர் பெருந்தன்மையாக ஐப்பசி வரைக்கும் அவகாசம் கொடுத்திருக்கிறார்.

வயிறு என்று நான் வாயைத் திறந்தால் அது என் வயிறோடு நிற்குமா? "அப்பனுக்கு இருந்துது, பொண்ணுக்கு வராதா?" என்பார்கள். இந்த வம்சத்தில் நெஞ்சுவலிக்காரன் பெண்ணை எடுப்பார்கள், தைரியமாக எடுப்பார்கள். அது ஒரே நிமிஷத்தில் ஆளை அள்ளிக்கொண்டு போகிற கௌரவமான நோய். இது அப்படியில்லை. இது வாரிசு தேடும்.

நேற்று ஜெயஸ்ரீ என் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டாள். மூன்றாவது தோசையைப் பாதியில் நிறுத்தினாள். வாயைத் திறந்தாள். என்ன சொல்லப்போகிறாள் என்று தெரியாமல் எனக்கு வியர்த்துக் கொட்டிவிட்டது. "காரம் பத்தலைம்மா" என்றாள். ஆயிரம் யானை பலம் வந்து எழுந்து கை கழுவினேன்.

குரூப்பில் போடாதே. கெஞ்சுகிறேன் என்று நினைத்துக்கொள். மகாராஜாக்கள் கெஞ்சுவதில்லை.

அரிகிருஷ்ணன்


ஜாம்ஷெட்பூர்,
1-10-2024

சித்தப்பாவுக்கு வணக்கம். உங்கள் நலத்துக்குத் தினமும் வேண்டுகிறேன்.

குரூப்பில் போடவில்லை. ஜெயஸ்ரீயிடம் மட்டும் சொன்னேன். அழுதாள். பிறகு, "அவர்கிட்ட மறைச்சுக் கல்யாணம் பண்ணமாட்டேன்க்கா" என்று போனை வைத்துவிட்டாள்.

என்னைத் திட்டுவதானால் சாப்பிட்டுவிட்டுத் திட்டுங்கள்.

வினிதா


பள்ளிக்கரணை,
4-11-2024

அன்பு மகள் வினிதாவுக்கு. இங்கு எல்லோரும் சுகம், என்னைத் தவிர என்று முதல்முறையாக எழுதுகிறேன். உன்னைத் திட்டக் கடல் அளவு வசவு தயாராக வைத்திருந்தேன். இடையில் நடந்ததைக் கேள்.

ஜெயஸ்ரீ பையனிடம் சொல்லிவிட்டாள். அடுத்த நாள் சம்பந்தி தனியாக ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். சிங்கப்பெருமாள் கோவிலில் குகைக்குள் இருக்கும் நரசிம்மரே எழுந்து வந்தது போல முகம். உன் சித்தி காபி கொண்டுவந்து வைத்துவிட்டுக் கதவுக்குப் பின்னால் நின்றாள்.

"இன்னா சம்பந்தி," என்றார். "உங்க வூட்டு நெஞ்சுவலி மேலயா, கீழயா?"

நான் காபி டம்ளரை அவர் பக்கம் நகர்த்தினேன்.

"சும்மா சொல்லு. நானும் ஆம்பளதான, நீயும் ஆம்பளதான."

"கீழ" என்றேன்.

அவர் காபியைக் குடித்து முடித்தார். டம்ளரைக் கவிழ்த்து வைத்தார். "எங்க வூட்லயும் கீழதான்யா. இன்னும் கீழ. எங்கப்பன், எங்கண்ணன். குடல்ல. ஊருக்கெல்லாம் ஹார்ட்டுனு சொல்லிக்கினு கீறோம். என் பையன் தெனம் ஆறு கிலோமீட்டர் ஓடறான், ஹார்ட்டுக்காக!"

இருவரும் சிரித்தோம். கதவுக்குப் பின்னால் சிரிப்புச் சத்தம் வரவில்லை. உன் சித்திக்கு அந்த நிமிஷம்தான் தெரியும். அப்புறம் அவள் வெளியே வந்து, கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் முதல்முறையாக என்னை "யோவ்" என்று கூப்பிட்டு, "செருப்ப மாட்டு" என்றாள்.

தாம்பரத்து ஆஸ்பத்திரியில் சம்பந்தியும் நானும் வெறும் வயிற்றோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தோம். அந்த பெஞ்சு நிறைய ஆட்கள். பேச்சுக் கொடுத்துப் பார்த்தேன். "எங்க குடும்பத்துல எல்லாம் ஹார்ட்டு சார்" என்றார் பக்கத்து ஆள். அவருக்கு அடுத்தவரும் அதையே சொன்னார். கடைசிவரை கேட்க எனக்குத் துணிச்சல் இல்லை. ஒவ்வொருவர் கையும் அவரவர் மேல் எங்கே இருந்தது என்று மட்டும் பார்த்தேன்.

டாக்டர் ஜாஸ்மின் விட்ட குழாயின் நீளம் தாம்பரத்திலிருந்து பீச் ஸ்டேஷன் வரைக்கும் இருக்கும். திரையில் என் வயிறு தெரிந்தது. சிவந்த குகை, ஈரச் சுவர். மூச்சு விடும்போதெல்லாம் சுவர் அசைந்தது. ஓர் இடத்தில் மட்டும் அசையவில்லை. மற்ற இடமெல்லாம் சுருங்கி விரிய, அந்த இடம் மட்டும் சும்மா நின்றது, ஒளிந்துகொண்டவன் மூச்சை அடக்குவது போல. டாக்டர் அதுவரை, "நல்லா கீறீங்க சார், இதோ முடிஞ்சிடுச்சு" என்று பேசிக்கொண்டே வந்தவர், பேச்சை நிறுத்திவிட்டார்.

சதை எடுத்து அனுப்பியிருக்கிறார்கள். ரத்தமும் எடுத்தார்கள். உன்னையும் ஜெயஸ்ரீயையும் ரத்தம் கொடுக்கச் சொல்கிறார்கள். நிச்சயதார்த்தம் குறித்த நாளில் நடக்கிறது. சம்பந்தி சொல்லிவிட்டார்: "ரெண்டு வூட்டுப் பசங்களும் டெஸ்ட் பண்ணிக்கட்டும். மறைக்க இனிமே எவன் கீறான்?"

சித்தப்பா,
அரிகிருஷ்ணன்


ஜாம்ஷெட்பூர்,
10-3-2025

அன்புள்ள சித்தப்பாவுக்கு,
நாலு தடவை மருந்து ஏற்றி, ஆபரேஷனும் முடிந்து வீட்டுக்கு வந்துவிட்டீர்கள் என்று ஜெயஸ்ரீ சொன்னாள். வயிற்றை முழுக்க எடுத்துவிட்டு, உணவுக்குழாயை நேராகக் குடலில் இணைத்துவிட்டார்களாமே. கைக்குழந்தை மாதிரி இரண்டிரண்டு கரண்டியாகச் சாப்பிடுவதாகச் சொன்னாள். உடம்பு தேறட்டும்.

என் ரிப்போர்ட் வந்து ஒரு மாதம் ஆகிறது. அதனால்தான் எழுதவில்லை. உங்கள் ரத்தத்தில் கண்ட மரபணுக் கோளாறு ஜெயஸ்ரீக்கு இல்லை. எனக்கு இருக்கிறது. அப்பா கொடுத்தது.

இப்போதைக்கு உள்ளே ஒன்றும் தென்படவில்லை. அந்தக் கிருமி இருந்தது, மாத்திரை போட்டு ஒழித்தாயிற்று. கருவாட்டையும் நிறுத்திவிட்டேன். ஆனால் இந்த வகைப் புற்று கண்ணுக்குத் தெரியாமல் சுவருக்குள்ளேயே பரவுமாம். வருவதற்கு முன்பே வயிற்றை முழுக்க எடுத்துவிடலாம் என்கிறார்கள். முப்பத்தொரு வயதில், நோயே இல்லாத வயிற்றை. வேண்டாமென்றால், அடிக்கடி குழாய் விட்டுப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். முடிவை நான்தான் சொல்ல வேண்டுமாம்.

நேற்று ஆபீஸ் கேன்டீனில் பாதிச் சாப்பாட்டில் எனக்குப் போதும் போல் இருந்தது. வாயை இரண்டு கையாலும் மூடிக்கொண்டேன், சித்தப்பா. அந்த வார்த்தை வெளியே வந்துவிடுமோ என்று.

வயிறு இல்லாமல் இருப்பது எப்படி இருக்கிறது? எனக்குத் தெரிந்தவர்களில் அதைச் சொல்லக்கூடிய ஆள் நீங்கள் ஒருவர்தான். இந்த ஒரு தடவை புளுகாமல் எழுதுங்கள்.

வினிதா


பள்ளிக்கரணை,
6-4-2025

என் கண்ணு வினிதாவுக்கு,
இங்கு யாவரும் சுகம். உன் சுகம் ஒன்றைத்தான் நான் இப்போது கேட்கிறேன்.

வயிறு இல்லாமல் இருப்பது மகா வைபவம், போ. என் வயிற்றை வெளியே எடுத்தபோது ஆஸ்பத்திரியே இருண்டுவிட்டது. அதைத் தூக்க ஆறு வார்டு பாய்கள். உள்ளே தாத்தாவின் புகையிலைப் பெட்டி, அத்தையின் ஒரு மூட்டைக் கருவாடு, எரிந்துகொண்டிருந்த பாதிக் குப்பை மேடு, வழி தெரியாமல் வந்த ஒரு பூநாரை எல்லாம் இருந்தன. குடித்தனக்காரர் கையில் துணிப்பையோடு தனியே இறங்கி வந்தார். என் அப்பாவின் நடை. என்னைத் திரும்பிப் பார்க்காமல் லிப்டில் போனார். லிப்ட் கீழே போனதா, மேலே போனதா என்று நான் பார்க்கவில்லை.

இப்போது நான் காற்றைப் போல இருக்கிறேன். சதுப்பு நிலத்தின் மேல் நடந்தால் கால் நனைவதில்லை. சாப்பிட்டவுடன் படபடவென்று வியர்த்து, உலகம் ஒரு சுற்று சுற்றி, பேரரசர்கள் போலப் படுத்துவிடுகிறேன். மூன்று விரல் அளவு இட்லியை முடிக்க ஒரு தமிழ்ப் படம் பார்க்கும் நேரம் ஆகிறது. பசி என்ற சொல்லையே மறந்துவிடுவேன், கடிகாரத்தைப் பார்த்துத்தான் சாப்பிட வேண்டும் என்று டாக்டர் ஜாஸ்மின் சொல்லியனுப்பினார். அப்படித்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். சித்தி அலாரம் வைப்பாள், நான் வாயைத் திறப்பேன்.

நீ எந்த முடிவு எடுத்தாலும் நான் வண்டி ஏறி வருவேன். உன் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து கூடவே மூன்று விரல் இட்லி சாப்பிடுவேன். உன் டாக்டரோடு பேசு, பயத்தோடு பேசாதே.

புளுகாமல் எழுதச் சொன்னாய். மேலே எழுதியதில் உன் சௌகரியப்படி கழித்துக்கொள். நான் முழுசாக உத்தரவாதம் தருவது ஒரு சின்ன சமாசாரத்துக்கு மட்டும். இன்று காலை சித்தி கொத்தமல்லி அரைத்துக்கொண்டிருந்தாள். அலாரம் இன்னும் அடிக்கவில்லை. எனக்குப் பசித்தது. வயிறு இருந்த இடத்தில் கை வைத்துப் பார்த்தேன். அங்கே ஒன்றும் இல்லை. ஆனாலும் பசித்தது. கூப்பிட்டு இட்லி வைக்கச் சொன்னேன். மூன்று விரல் இட்லி முடிந்ததும், "இன்னும் கொஞ்சம் போடு" என்றேன். அந்தக் குரல் என்னுடையதாகத்தான் இருந்தது, வினிதா. அது மட்டும் நிஜம்.

உன்,
சித்தப்பா